நானூறு பேரும் ஒரு பேரும்

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ராஜராஜனைத் தேடித்தான் போவார்கள். இந்த முறை நான் போனது ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் தேடி.

'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண் கல்வெட்டு, ஹூல்ஷ் பதிப்பித்தது. ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014ஐ ஒட்டிய காலம். புதிதாகக் கட்டிய கோயிலில் பணி செய்ய சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 பெண்களை அழைத்து வந்து, தளிச்சேரி என்ற தெருக்களில் குடிவைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று வரிசையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். என் தொழில் பழக்கத்தில் சொன்னால் அது ஒரு டேபிள். 400 வரி, ஒவ்வொரு வரியிலும் அதே ஐந்து தகவல்.

தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலை வீடு: திருவையாற்று ஓலோகமாதேவி ஈஸ்வரத்திலிருந்து வந்த சேரமங்கை. அடுத்த வீடுகளில் இரணமுகராமி, உதாரம், பட்டாலி, எடுத்தபாதம். அப்புறம் சோழகுலசுந்தரி, ஏகவீரி, ராஜகேசரி, தேசிச்சி, பெரிய தேசிச்சி என்று போகிறது. நம்ம வகுப்பில் ரெண்டு லட்சுமி இருந்தால் ஒருத்தியைப் பெரிய லட்சுமி என்று கூப்பிடுவோமே, அதே கதைதான். இன்னும் கீழே போனால் மறைக்காடு, திருவையாறு, தில்லையழகி, பரவை.

கிட்டத்தட்ட எல்லாப் பெயருக்கும் முன்னால் 'நக்கன்' என்று ஒரு சொல் வருகிறது. நக்கன் என்பது சிவனைக் குறிக்கும் சொல். தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் சிவன் பெயர். நம்ம ஊர் இனிஷியலின் பழைய வடிவம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் தங்கை கேட்டது ஒரே ஒரு பெயர்தான். "அண்ணா, நீதான் கல்வெட்டு கல்வெட்டுன்னு சுத்துறியே. எந்தக் காலத்துக்கும் பழசாகாத ஒரு பேர் சொல்லு. இண்டர்நெட் லிஸ்ட் எல்லாம் பார்த்துட்டேன், எல்லாத்துக்கும் அர்த்தம் அழகானவள்னுதான் போட்டிருக்கு." எங்கள் பக்கம் பெயர் சொல்லும் உரிமை அத்தைக்கு. தாய்மாமன் வேலை சீர் கொண்டுபோவது மட்டும்தான். ஆனாலும் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எந்தப் பெயர் நிற்கிறது, எந்தப் பெயர் போகிறது? அதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

எது போனது, எது நின்றது

முதலில் அந்த 400 பேர் பட்டியலை இந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்போம்.

ராஜகேசரி என்பது சோழ மன்னர்கள் மாறி மாறி வைத்துக்கொண்ட இரண்டு பட்டங்களில் ஒன்று, மற்றது பரகேசரி. ராஜராஜன் ஒரு ராஜகேசரி. அரசனின் பட்டத்தையே ஒரு பெண்ணுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். சோழகுலசுந்தரியும் அதே ரகம். இரணமுகராமி போர்முனையைச் சொல்லும் பெயர். இவை எல்லாம் அரண்மனையைப் பார்த்து வைத்த பெயர்கள். அந்த அரண்மனை போனதும் அந்தப் பெயர்களுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

எடுத்தபாதம் எனக்கு மிகவும் பிடித்த பெயர். நடராஜரின் தூக்கிய திருவடி. ஆடும் கோயிலில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக வைக்க முடியாது. ஆனால் அந்தக் கோயிலை விட்டு வெளியே வந்தால் இந்தப் பெயரைச் சுமப்பது கஷ்டம். மறைக்காடு, திருவையாறு போன்ற ஊர்ப் பெயர்களைப் பெண்களுக்கு வைத்திருப்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். இன்றைக்குச் சிதம்பரம், பழனி, அண்ணாமலை என்று ஆண்களுக்குத்தான் ஊர்ப் பெயர் வைக்கிறோம். பெண்களுக்கு ஊரின் பெயருக்குப் பதில் அந்த ஊர் அம்மனின் பெயர் போய்ச் சேர்ந்தது. காந்திமதி என்றால் திருநெல்வேலி, கோமதி என்றால் சங்கரன்கோவில், உண்ணாமுலை என்றால் திருவண்ணாமலை, தையல்நாயகி என்றால் வைத்தீஸ்வரன்கோவில் என்று பெயரைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடலாம்.

முழுப் பெயராகப் பார்த்தால் பட்டியலின் முதல் பத்து வீட்டுப் பெயர்களில் ஒன்றைக்கூட என் பள்ளி வருகைப் பதிவேட்டில் நான் கேட்டதில்லை. ஆனால் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். சேரமங்கையில் மங்கை இருக்கிறாள். சோழகுலசுந்தரியில் சுந்தரி இருக்கிறாள். தில்லையழகியில் அழகி இருக்கிறாள். மன்னர் பெயர், குலப் பெயர், பட்டம் எல்லாம் உதிர்ந்து, உள்ளே இருந்த சின்னச் சொல் மட்டும் ஆயிரம் வருஷம் தாண்டி வந்திருக்கிறது. பழைய புரோகிராம்களை யாரும் இப்போது ஓட்டுவதில்லை, ஆனால் அவற்றுக்குள் இருந்த சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் புதுப் புரோகிராம்களில் இன்னும் ஓடுகின்றன. அந்த மாதிரி.

இந்த விதிக்கு அடங்காத பெயர் ஒன்று இருக்கிறது. பரவை. கடல் என்று பொருள். சுந்தரரின் திருவாரூர் மனைவி பரவையார். 1014இல் தஞ்சைப் பட்டியலில் ஒரு பரவை. ராஜேந்திர சோழனுக்கு நெருக்கமான அணுக்கியார் பரவை நங்கை திருவாரூர்க் கோயிலுக்குச் செய்த கொடைகள் கல்வெட்டில் இருக்கின்றன. சின்னப் பெயர், அழகான பொருள், நீண்ட காலப் புழக்கம். ஆனாலும் இன்று பெண்களுக்கு இந்தப் பெயரை வைப்பதைக் காண்பது அரிது. பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதால் பரவை பறவையாகிப் போனது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். எழுத்தில் இருப்பதைவிட வாயில் எப்படி வருகிறது என்பது முக்கியம்.

பெயரே இல்லாத பெண்கள்

தஞ்சைக் கல்வெட்டைக் கொஞ்சம் வேறு மாதிரியும் பார்க்கலாம். 400 பெண்களின் சொந்தப் பெயர்கள் ஒரே இடத்தில் எழுதி வைக்கப்பட்டன என்பதே பெரிய விஷயம். அரசிகளுக்குக்கூட அப்படி அமைவதில்லை. செம்பியன் மாதேவி என்றால் சோழனின் பெரிய தேவி, அவ்வளவுதான். பஞ்சவன் மாதேவி, வானவன் மாதேவி எல்லாமே பட்டப் பெயர்கள். பஞ்சவன் பாண்டியன், வானவன் சேரன். ஓலோகமாதேவி என்ற ராஜராஜனின் பட்டத்தரசிக்குத் தந்திசக்தி விடங்கி என்ற பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி.

சங்க காலத்துக்குப் போனாலும் இதே நிலைமை. புறநானூற்றில் 112ஆம் பாட்டு, குன்றையும் தந்தையையும் இழந்ததைப் பற்றியது. தமிழ் படித்த யாருக்கும் தெரிந்த பாட்டு. பாடியவர்கள் யார்? 'பாரி மகளிர்'. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பின்னால் வந்த மரபு கொடுத்தவை. கணவனோடு தீப்பாயப் போகும்போது தடுத்த சான்றோர்களைப் பார்த்துப் பாடிய பூதப்பாண்டியனின் மனைவி 'பெருங்கோப்பெண்டு', அதாவது பேரரசி. மகன் எங்கே என்று கேட்டவருக்குப் புலி இருந்து போன குகையைப் போல என் வயிற்றைப் பார் என்று பதில் சொன்னவர் 'காவற்பெண்டு'. பாட்டு இரண்டாயிரம் வருஷம் நின்றது. பாடியவளுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உறவும் பதவியும் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருஷமாக எங்கள் குடும்ப வம்சாவளியை ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றி வருகிறேன். ஆண்கள் பக்கம் ஆறு தலைமுறை வரைக்கும் பெயர் கிடைத்துவிட்டது. பத்திரம், பட்டா, கோயில் வரி நோட்டு என்று எங்கேயாவது மாட்டிக்கொள்கிறார்கள். பெண்கள் பக்கம் நாலாவது தலைமுறையிலேயே கட்டம் காலி. என் அப்பாவின் பாட்டி பெயர் என்ன என்று உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் வருகிறார், 'மேற்படியார் மனைவி' என்று. அந்த வரியில் கைநாட்டு இருக்கிறது. பெயர் இல்லை.

அதனால் 'காலத்தால் அழியாத பெயர்' என்று தங்கை கேட்டபோது எனக்கு இரண்டு கேள்விகள் தோன்றின. பெயர் அழகாக இருந்து பழசாகாமல் இருப்பது ஒன்று. அந்தப் பெயர் அவளுடையதாகவே எங்காவது எழுதப்படுவது இன்னொன்று. இரண்டாவதை எந்த அர்த்தப் பட்டியலும் தராது.

பெயர் வைத்த இரண்டு காட்சிகள்

தமிழ் இலக்கியத்தில் பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கும் காட்சிகள் இரண்டை இங்கே சொல்ல வேண்டும்.

ஒன்று சிலப்பதிகாரத்தில், அடைக்கலக் காதையில். மாதவிக்குப் பெண் பிறக்கிறது. என்ன பெயர் என்ற பேச்சு வருகிறது. கோவலன் தன் குலத்துக் கதை ஒன்றைச் சொல்கிறான். முன்னோர் ஒருவர் கப்பல் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் வந்து காப்பாற்றியது. அந்தத் தெய்வத்தின் பெயரையே வைக்கலாம் என்கிறான். ஆயிரம் கணிகையர் கூடி மணிமேகலை என்று வாழ்த்துகிறார்கள். இந்தக் கடல் தெய்வம் நம்ம ஊரோடு நிற்கவில்லை. பௌத்தர்களின் மகாஜனக ஜாதகத்தில் கப்பல் உடைந்த இளவரசனைக் காப்பாற்றுவதும் இவள்தான். கம்போடியாவின் செவ்வியல் நடனத்தில் மின்னலோடு இன்றும் ஆடுகிறாள்.

இன்னொன்று பெரியபுராணத்தில். காரைக்கால் புனிதவதியாரின் கணவன் பரமதத்தன், மனைவியிடம் தெய்வத்தன்மையைக் கண்டு பயந்து கடல் வணிகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறான். திரும்பி வந்து பாண்டி நாட்டில் குடியேறி வேறொரு பெண்ணை மணக்கிறான். அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு, விட்டு வந்த முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். பின்னால் உறவினர்கள் புனிதவதியாரை அழைத்து வரும்போது குடும்பத்தோடு அவர் காலில் விழுந்து, உங்கள் பெயரைத்தான் இந்தக் குழந்தைக்கு வைத்தேன் என்கிறான். அதற்குப் பிறகு அவர் தன் உடலழகை உதறிப் பேயுருவம் வேண்டுகிறார். நாம் அவரைக் காரைக்கால் அம்மையார் என்கிறோம். புனிதவதி என்ற பெயர் ஒரு குழந்தையோடு தொடர்ந்தது.

இரண்டிலும் பெயரின் பொருளைப் பற்றி யாரும் பேசவில்லை. மேகலை என்றால் இடுப்பில் கட்டும் அணி. கோவலன் சொன்னது யார் நம்மைக் காப்பாற்றினார்கள் என்பதை. பரமதத்தன் சொன்னது யாரை நான் மதிக்கிறேன் என்பதை. பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள். 'அர்த்தம்: அழகானவள்' என்று போட்டிருக்கும் பட்டியல்களில் இல்லாதது இதுதான்.

பெயர்த்தி

தமிழில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. பேரன் என்பது பெயரன், பேத்தி என்பது பெயர்த்தி. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்கி வருகிறவர்கள். தலைமுறை ஒன்று விட்டு ஒன்று பெயர் திரும்பி வரும்.

சோழர் குடும்பத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ராஜராஜனின் அக்காள் குந்தவை. அவன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயர் வைக்கிறான். அந்த மகள் வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்து போகிறாள். அவளுடைய மகன் ராஜராஜ நரேந்திரன். அவனுடைய மகன்தான் பின்னால் சோழ அரியணைக்கு வந்த முதலாம் குலோத்துங்கன். குலோத்துங்கனுக்கு ஒரு சகோதரி. சிதம்பரம் கல்வெட்டில் அவள் பெயர் 'ராஜராஜன் குந்தவை'. அப்பாவின் அம்மா பெயர் பெயராகவும், அப்பாவின் பெயர் முன்னாலும் வருகிறது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நாம் எழுதுவதும் இதே ஃபார்மேட்தான். ஒரு அத்தை பெயரில் தொடங்கி, ஒரு நூற்றாண்டு, இரண்டு நாடு தாண்டி வந்த பெயர் அது.

இந்த வழக்கத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாமியார் பெயரைக் குழந்தைக்கு வைத்துவிடுவார்கள், ஆனால் மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது. அதட்டிக் கூப்பிடவே கூடாது. அதனால் பெற்ற தாயே குழந்தையைப் பாப்பா, குட்டி, அம்மு என்றுதான் கூப்பிடுவாள். நம்ம வீடுகளில் ஐம்பது வயதிலும் பாப்பா அத்தைகளும் குட்டி சித்திகளும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பெயர் என்ற கடிதம்

எல்லாப் பெயரும் அன்பினால் வைக்கப்பட்டதில்லை. போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெயர் வைக்கப்பட்ட பெண்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அடுத்தது பையனாகப் பிறக்க வேண்டும் என்று சாமிக்கு எழுதிய விண்ணப்பம் அது. அந்த விண்ணப்பத்தைச் சுமந்துகொண்டு அவள் பள்ளிக்கூடம் போகிறாள், ரேஷன் கார்டில் வருகிறாள். ஒவ்வொரு முறை வருகைப் பதிவு எடுக்கும்போதும் 'வேண்டாம்' என்று கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்று பதில் சொல்ல வேண்டும். குப்பம்மாள், பிச்சையம்மாள் வேறு வகை. முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போனதால், இந்தக் குழந்தை எங்களுக்குப் பெரிசில்லை என்று எமனை ஏமாற்றச் சொன்ன பொய். அதில் பயமும் பாசமும் இருக்கிறது. முதல் வகையில் அதுகூட இல்லை.

கொள்கைக்காக வைத்த பெயர்களும் ஒரு வகையில் கடிதம்தான். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் வேதாசலம் என்ற தன் பெயரை மாற்றியதோடு பிள்ளைகளின் பெயர்களையும் தமிழாக்கினார். மகள் நீலாம்பிகை நீலா ஆனார், திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். இயக்கத்துக்காகவே உழைத்த மூத்த மகளை இன்றும் நீலாம்பிகை அம்மையார் என்றே குறிப்பிடுகிறோம். முந்நகரழகி அச்சு அசலான மொழிபெயர்ப்பு, திரி - முந், புரம் - நகர், சுந்தரி - அழகி. ஆனால் யாரும் அதைக் கூப்பிட்டுப் பழகவில்லை. அதே இயக்கத்தின் காற்றில் பின்னால் வந்த தமிழ்ச்செல்வி, கனிமொழி, கயல்விழி, மலர்விழி எல்லாம் ஊர் முழுக்கப் பரவின. அவை மொழிபெயர்ப்பாக வரவில்லை. விழி, மொழி, மலர், கயல் என்று ஏற்கெனவே நாக்கில் இருந்த சொற்களை எடுத்துக் கோத்தார்கள்.

தொலைந்த பெயர்கள் திரும்பி வருவதும் உண்டு. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். ஏட்டில் கிடந்த கண்ணகியும் மணிமேகலையும் அச்சில் வந்து, மேடைப் பேச்சில் வந்து, நாடகத்திலும் சினிமாவிலும் வந்து, வீடுகளில் குழந்தைகளாகப் பிறந்தார்கள். கண்ணகி என்ற பெயர் சிலம்பின் நாயகிக்கு மட்டும் சொந்தமில்லை. புறநானூற்றில் பேகன் தன் மனைவியைப் பிரிந்திருந்தபோது நான்கு புலவர்கள் போய் அவனிடம் நியாயம் கேட்கிறார்களே, அந்த மனைவியின் பெயரும் கண்ணகிதான். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் தொடராக வந்த பிறகு குந்தவை, வானதி, பூங்குழலி, நந்தினி என்று ஒரு அலை. இதில் பூங்குழலியும் நந்தினியும் கல்கியின் கற்பனை. ஆனால் பூங்குழலி என்ற பெயர் ஆயிரம் வருஷப் பழசு மாதிரியே ஒலிக்கிறது. பூ, குழல், இ. சேரமங்கையிலும் தில்லையழகியிலும் பார்த்த அதே கட்டுமானம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். வேறு யாருக்கோ சேதி சொல்ல வைத்த பெயர் அந்தச் சேதியோடு சேர்ந்து பழசாகிறது. அரசனுக்குச் சொன்னாலும் சரி, கட்சிக்குச் சொன்னாலும் சரி, சாமிக்கு, ஜோசியருக்கு, சொந்தக்காரர்களுக்குச் சொன்னாலும் சரி. தினமும் புழங்கும் சின்னச் சொல்லால் ஆன பெயரும், மதிக்கத்தக்க ஒருத்தி ஏற்கெனவே வாழ்ந்து காட்டிய பெயரும் நடுவில் தொலைந்தாலும் திரும்பி வருகின்றன.

கம்ப்யூட்டர் பக்கம் சில டெஸ்ட்

என் வேலை டேட்டாபேஸ். அதனால் பெயர் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நடைமுறையாக நாலு விஷயம்.

முதலாவது, எழுத்து. ஔவை இரண்டாயிரம் வருஷப் பெயர். ஆனால் இன்றைக்குப் பாதிப் பேர் ஔ என்ற ஒரே எழுத்தை அடிக்காமல் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிக்கிறார்கள். ஔவை, ஒளவை. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு ஆட்கள். கௌரி, கெளரிக்கும் அதே கதி. ஸ்ரீ இன்னும் மோசம். ஒருங்குறியில் அதை ஸ வழியாகவும் எழுதலாம், 2005இல் சேர்த்த ஶ வழியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. இதற்காக அந்தப் பெயர்களை விட வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, ழகரம். குழலி, யாழினி, கயல்விழி வைக்க ஆசையா, தாராளமாக வையுங்கள். ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்து, பாஸ்போர்ட் வரைக்கும் மாற்றாதீர்கள். நியூமராலஜிக்காக நடுவில் ஒரு எழுத்தைக் கூட்டினால் ஆயுசு முழுக்க அவள்தான் அதை ஸ்பெல்லிங் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டு ஃபாரத்தில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்காரும். நான் ஆன்சைட் போனபோது ஆறு மாசம் என்னை அப்பா பெயரில்தான் கூப்பிட்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணமானால் பல வீடுகளில் முன்னெழுத்தே மாறிவிடுகிறது. ஆக, கடைசி வரைக்கும் அவளோடு இருக்கப் போவது நாம் வைக்கும் அந்த ஒரு சொல் மட்டும்தான். அதை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள், தனியாக நிற்கிறதா என்று.

நான்காவது, அவசரம் வேண்டாம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் அப்போதே முடிவாகியிருக்க வேண்டியதில்லை. பெயரைப் பதிவான தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு.

என் சிபாரிசு

தங்கைக்கு நான் அனுப்பிய பட்டியல் சின்னது. கோதை: மாலை என்று பொருள், ஆண்டாள் தன் பாசுரங்களில் தன்னைச் சொல்லிக்கொண்ட பெயர், ரெண்டே எழுத்து. மேகலை: கடலில் காப்பாற்றியவள். மங்கை: தளிச்சேரியின் தலை வீட்டிலிருந்து. மாதினி: அப்பருக்கும் திலகவதிக்கும் அம்மா, இன்று கேட்டாலும் புதுப் பெயர் போலவே இருக்கிறது. குழலி: தனியாகவும் நிற்கும், முன்னால் எதைச் சேர்த்தாலும் நிற்கும். செள்ளை: சங்கப் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பெயர். நக்கண்ணை, நப்பின்னை போல முன்னால் இருக்கும் ந என்பது 'நல்ல' என்ற அடைமொழி, அதை எடுத்துவிட்டால் செள்ளை. கடைசிப் பெயரைப் பார்த்துத் தங்கை ஒரு ஸ்மைலி மட்டும் அனுப்பினாள்.

மாமியார் பெயரையும் பட்டியலில் சேர்த்திருந்தேன். ஒரு ஊர் அம்மனின் பெயர் அது, நீளமானது, இந்தக் காலத்தில் யாரும் வைக்காதது. அந்தம்மா தன் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் எக்செல் ஷீட்டைக் காட்டியபோது, அவருக்குத் தெரிந்த பெண்களின் பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருடைய அம்மா, அப்பாவின் அம்மா, பிரசவத்தில் போன ஒரு பெரியம்மா என்று பதினோரு பெயர். அதில் ஏழு பெயர் அவருடைய பிள்ளைகளுக்கே தெரியாது. குழந்தைக்குப் பெயர் அந்தப் பதினோரு பெயரிலிருந்துதான் கிடைத்தது. என்ன பெயர் என்று இங்கே எழுதவில்லை, அவள் வளர்ந்து சொல்லிக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் குழந்தை வரப்போகிறது என்றால், எந்தப் பெயர்ப் பட்டியலையும் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் வயதான பெண்மணி யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, உங்க அம்மா பேர் என்ன, அவங்க அம்மா பேர் என்ன, அத்தைங்க பேர் என்ன என்று கேட்டு, ஊரோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதிலிருந்து பெயர் எடுக்கிறீர்களோ இல்லையோ, அந்தப் பெயர்கள் எழுத்தில் வந்துவிடும். தஞ்சாவூரில் கல்தச்சர் 400 முறை செய்த வேலைதான் இது. நமக்குப் பேனா போதும்.